ஆண்டவர் மனுவுக்கு எண் போட்டேன்

1. மூன்றாவது மெமோ

மெமோவை என் கையில் கொடுத்தபோது எங்கள் அதிகாரி ராகவன் சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏழு நாள்ல பதில் எழுதிக் குடுத்துடுங்கோம்மா. இது மூணாவது. இனிமே என் கையில ஒண்ணுமில்லை. மருங்காபுரிப் பக்கம் ஒரு இடம் காலியா இருக்காம், யாரை அனுப்பறதுன்னு மேல கேட்டுண்டிருக்கா."

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு குடிநீர்ப் பிரிவு அலுவலகத்தில் தபால் எழுத்தராக இருந்தேன். வருகிற மனுவை வாங்க வேண்டும், தேதி முத்திரை குத்த வேண்டும், நடப்பு எண் போட வேண்டும், பதிவேட்டில் ஏற்றி அதிகாரி மேஜைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆன்லைன் புகார் வந்த பிறகும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் காகிதத்தை விடவில்லை. எதிரில் ஆள் நின்று முத்திரை குத்தினால்தான் அவர்களுக்குத் திருப்தி.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. புதிதாகத் தபால் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இனிப்பாக எழுத வராது. பேசவும் வராது. அதனால் வந்ததுதான் அந்த மெமோ.

வைதேகி மாமி என்று ஒருவர், கோயில் மதில் ஓரத் தெருவில் குடியிருப்பவர். குழாயில் சாக்கடை வாடை வருகிறது என்று மூன்றாவது முறையாக வந்து நின்றார். முதல் இரண்டு மனுவும் குழாய் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் வரைக்கும் போய் அங்கேயே தூங்கின. அது மாமியின் தப்பு இல்லை. ஆனால் நான் கத்தினது மாமியைத்தான்.

"ஒரே மனுவை எத்தனை தடவைதான் தூக்கிட்டு வருவீங்க? உங்க ஒரு தெருவுக்காகத்தான் காவிரி ஓடுதா?"

மாமி திரும்பிப் போய்விட்டார். அவர் வீட்டுக்காரர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். எழுதினது நியாயம்தான். அன்றைக்கு அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2. என் வீட்டு நிலவரம்

மருங்காபுரிக்கு ஏன் இவ்வளவு பயந்தேன் என்று சொல்ல வேண்டும். என் கணவர் லூர்துசாமி வெல்டர். துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் பைப் ஒட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் கையில் வெல்டிங் ஹோல்டரோடு சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போனது. வாய் கோணிவிட்டது, பேச்சு குழறும். மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு பாலக்கரையில். காலையில் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, கை கால் பயிற்சி செய்யவைத்துவிட்டு பஸ் ஏறுவேன். மதியம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்து சோறு ஊட்டுவாள். அந்த மாதம் அவள் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆள் இல்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். இடது கையால் எடுத்துச் சாப்பிட வேண்டியது. பாதி சட்டையில்தான் இருக்கும். சாயங்காலம் நான் வருகிற வரைக்கும் அந்த ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். வந்ததும் நான் கத்துவேன். அவர் சுவரைப் பார்ப்பார்.

மருங்காபுரிக்குப் போனால் விடிவதற்கு முன் கிளம்பி இருட்டின பிறகுதான் வர முடியும். வேலையை விட்டாலும் வீடு நடக்காது. அப்படி ஒரு நிலைமை.

செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்தி என்று நினைக்காதீர்கள். சண்டை போடப் போனேன். எங்கள் பங்குக் கோயிலில் வாசல் பக்கம் விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. எழுதிப் போட்டால் திருப்பலிப் பூசையில் வாசிப்பார்கள், கூடியிருக்கிறவர்கள் சேர்ந்து மன்றாடுவார்கள். பெயர் போடாமல் நான் போட்ட சீட்டுகள் எத்தனையோ. போட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே அடுத்த கவலை தொடங்கிவிடும்.

மெமோ வாங்கின திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். கை தன்னால் அலுவலக முறையில் எழுதியது. இத்தனை வருடப் பழக்கம் அது.

அனுப்புநர்: ஆரோக்கியமேரி, பாலக்கரை.
பெறுநர்: ஆண்டவர் அவர்கள்.
பொருள்: என்னால் முடியவில்லை – தொடர்பாக.
பார்வை: எனது முந்தைய மனுக்கள். பதில் இல்லை.

"என் கணவர் மதியம் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிட ஆள் இல்லை. நான் எல்லோரையும் கத்துகிறேன். என்னை ஊர் மாற்றப்போகிறார்கள். மாற்றினால் அவர் நாள் முழுக்கத் தனியாகக் கிடப்பார். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மதியம் ஒரு ஆள் வேண்டும். அதுகூட முடியாது என்றால் இனிமேல் நான் கோயிலுக்கு வர மாட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து, கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்தேன்.

3. பஸ் ஸ்டாப்பில் வாங்கின தபால்

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வைதேகி மாமி வந்தார். இரண்டடி தள்ளியே நின்றார். நாலாக மடித்த காகிதத்தைக் கை நீட்டிக் கொடுத்தார்.

"வாடை இன்னும் போகலைம்மா. உள்ள வந்தா கத்துவேள். அதான் இங்கேயே குடுத்துடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. வாங்கி அதே ஜிப்பில் திணித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் தபால் குவிந்தது. ஜிப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தேன். பிரிக்கவில்லை. விஷயம்தான் தெரியுமே. மூலையில் முத்திரை குத்தி எண் போட்டேன். பதிவேட்டில் "வைதேகி – குடிநீரில் வாடை" என்று ஏற்றி, கட்டோடு கட்டாக ராகவன் சார் மேஜைக்கு அனுப்பினேன். அன்று அவர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போயிருந்தார். கட்டு அப்படியே மேஜையில் இருந்தது.

சாயங்காலம் ஜிப்பில் மிச்சமிருந்த காகிதத்தைக் கோயில் பெட்டியில் போட்டுவிட்டு முன்வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன்.

விண்ணப்பம் வாசிக்கிறவர் பீட்டர் வாத்தியார். ரிடையரான தமிழாசிரியர். கையில் எதைக் கொடுத்தாலும் முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்துவிடுவார், நடுவில் நிறுத்துகிற பழக்கம் கிடையாது. நாலைந்து சீட்டு வாசித்தார். பிறகு மடித்த வெள்ளைத்தாளைப் பிரித்தார்.

"மகாகனம் பொருந்திய அதிகாரி அவர்களுக்கு, அடியேன் வைதேகி எழுதிக்கொண்டது."

கைப்பை ஜிப்பைத் திறந்து பார்த்தேன், காலி.

"எங்கள் தெருவில் ஒரு மாதமாகக் குழாயில் சாக்கடை வாடை அடிக்கிறது. பெருமாளுக்குத் தளிகை பண்ணிப் படைக்க நல்ல தீர்த்தம் இல்லை."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பீடத்தில் இருந்த ஃபாதர் தலையைத் தூக்கினார். வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

"அங்கே தபால் வாங்குகிற அம்மா கோபப்படுகிறாள். எங்கள் அகத்துக்காரர் அவள்மேல் எழுதிவிட்டார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அவளுக்கு ஆத்திலே என்ன கஷ்டமோ. அவளைத் தண்டிக்க வேண்டாம். குழாயை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும். இங்ஙனம், வைதேகி." ஒரு மூச்சு விட்டுவிட்டு வழக்கம்போலச் சொன்னார்: "இதற்காக ஆண்டவரை மன்றாடுவோம்."

கோயில் முழுக்க ஒரே குரலில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

நான் கத்தி அனுப்பின ஒருத்தி எனக்காகப் பரிந்து எழுதியிருக்கிறாள். அதை என் கோயிலில், என் காதில் விழுகிற மாதிரி வாசிக்கிறார்கள். யாருக்கு என்று தெரியாமலே அத்தனை பேரும் எனக்காக வேண்டுகிறார்கள். இத்தனை வருடமாகப் பதில் இல்லை, பதில் இல்லை என்று நான் போட்ட சண்டைக்கு வந்த பதில் இதுதான் என்று அந்த நிமிடமே தெரிந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டை கொடுத்தாள்.

பூசை முடிந்து வாத்தியாரிடம் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டேன்.

"உன் வேலைதானா? பெருமாள் பேரு வந்ததும் எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்" என்றார். "சரி, தாகம் எல்லாருக்கும் பொதுதானேன்னு வாசிச்சுட்டேன்."

4. லூர்துசாமி சிரித்தார்

அடுத்த நொடிதான் உறைத்தது. மாமியின் மனு இங்கே இருக்கிறது என்றால் ஆண்டவருக்கு எழுதியது எங்கே? எண் போட்டு ராகவன் சார் மேஜையில்.

வீட்டுக்கு வந்து என் கணவருக்கு டீ கொடுத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். "தளிகை பண்ணத் தீர்த்தம் இல்லை" என்று வாத்தியார் குரலில் வாசித்துக் காட்டினேன். முதலில் அவர் தோள் குலுங்கியது. சாய்ந்து விழப்போகிறாரோ என்று பயந்து பிடித்தேன். சிரிக்கிறார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. டீ மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, கோணின வாயோடு அந்த மனிதர் சிரித்தார்.

"சிரிக்கிறீங்களா? நாளைக்கு அந்தாளு படிச்சாருன்னா என் மானமே போச்சு. காலையில சீக்கிரம் போயி எடுத்துக் கிழிச்சுடப் போறேன்."

அவர் இடது கையைத் தூக்கி ஒரு விரலை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார்.

"நம்பர்... போட்டாச்சு. கிழிக்க... முடியாது."

என் சட்டம்தான் அது. எண் போட்ட காகிதம் அரசாங்கக் காகிதம், யாரும் தொடக் கூடாது. வீட்டில் வந்து ஓயாமல் இதைத்தான் புலம்புவேன். போன வாரம்கூடப் பிட்டர் காதர் பாய் ஒரு மனுவை உருவப் பார்த்தார் என்று கத்தினேன்.

நானும் சிரித்தேன். அப்புறம் இருவரும் ஜெபமாலை சொன்னோம். சொல்லும்போது ஒன்று புரிந்தது. அலுவலகத்தில் ஒரு தபாலை மேலே அனுப்பிவிட்டால் நான் அதை மறந்துவிடுவேன். அது வேறு மேஜையின் பொறுப்பு. ஆண்டவரிடம் கொடுத்த மனுவை மட்டும் ஒவ்வொரு முறையும் கோயில் வாசலிலேயே திரும்பப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த முறை பிடுங்க வழியில்லை. எண் விழுந்துவிட்டது. காலையில் என்ன நடக்கும் என்று தெரியாது. ஆனாலும் அன்று படுத்ததும் தூங்கிவிட்டேன்.

5. வரம்பு

புதன்கிழமை நான் சீக்கிரம் போனேன். ராகவன் சார் எனக்கு முன்னால் வந்துவிட்டார். நெற்றியில் திருமண், மேஜையில் என் காகிதம்.

"உட்காருங்கோம்மா."

பதினோரு வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை.

"இதுல நம்பர் போட்டது யாரு?"

"நான்தான் சார். தெரியாம மாறிப்போச்சு. குடுத்துடுங்க, கிழிச்சுடறேன்."

"நம்பர் போட்டதைக் கிழிக்கலாமோ? ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றது நீங்கதான்." காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "பெறுநர் ஆண்டவர்னு போட்டிருக்கேள். அவருக்கு வந்த மனுவை நிராகரிக்க அடியேன் யாரு? 'இவ்வலுவலக வரம்புக்கு உட்பட்டதல்ல'ன்னு எழுதி முடிச்சுடலாம்னுதான் பேனாவை எடுத்தேன்."

அந்த வரியை நான் ஆயிரம் பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

"அப்புறம் முழுசாப் படிச்சேன். மதியம் ஒரு ஆள் வேணும்னு இருக்கு. அது நம்ம வரம்புலதாம்மா வரும்."

நான் மாமியின் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். "இதுதான் சார் உண்மையான தபால். இன்னும் எண் போடலை. மெமோவுக்கும் இப்பவே பதில் சொல்லிடறேன். கத்தினேன். தப்பு என்மேலதான்."

அவர் மாமியின் மனுவைப் படித்தார். கடைசி வரிகளை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். "இப்ப சொன்னதையே எழுதிக் குடுங்கோ. புகார் கொடுத்த அகத்திலிருந்தே தண்டனை வேண்டாம்னு எழுத்துல வந்திருக்கு. இதையும் வெச்சு நான் மேல பேசறேன்" என்றார். பிறகு மணியை அடித்துக் காதர் பாயைக் கூப்பிட்டார்.

காதர் பாய் பாலக்கரைக்காரர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. மதியம் வண்டியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தினமும் அவர் போவதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை. கத்துவதற்கு மட்டும் வாய் இருந்தது.

விஷயம் கேட்டதும் அவர் என்னை முறைத்தார். "பதினோரு வருஷமா ஒண்ணா வேலை பாக்குறோம். அண்ணன் விழுந்தது எனக்குத் தெரியும், மதியம் ஆளில்லைன்னு எப்படித் தெரியும்? அல்லாஹ்வுக்கு எழுதுவீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க?"

"உங்களைத்தான் போன வாரம் கத்தினேனே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேக்கறது?"

"நீங்க கத்தாத ஆளு இந்த ஆபீஸ்ல யாரு இருக்கா? என்னைப் பெத்த அத்தாவை ரெண்டு வருஷம் படுக்கையில வெச்சுப் பாத்தவன் நான், எனக்குப் பழக்கம்தான். இன்னிக்கே போறேன். வெள்ளிக்கிழமை மட்டும் முடியாது, ஜும்மா இருக்கு."

ராகவன் சார் என் மனுவின் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: "பிட்டர் மூலம் நடவடிக்கை எடுக்கவும். அறிக்கை தேவை." மாமியின் மனுவுக்கு நான் எண் போட்டுத் தந்ததும் அதிலும் அதையே எழுதினார்.

அன்று மதியம் காதர் பாய் போய் வந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தார். "தட்டு காலி. அண்ணன் ரசம் கேட்டாரு. உங்க ரசம் இல்ல, எங்க வீட்டு ரசம். நாளையிலிருந்து கொண்டுபோறேன்" என்றார்.

6. மதில் ஓரத் தெரு

சாயங்காலம் காதர் பாயும் அவர் ஆட்களும் மாமியின் தெருவில் தோண்டினார்கள். சும்மா வேடிக்கை பார்க்க நான் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். அது எனக்கு வராத வேலை.

மாமி வாசலில் நின்றார். "நீங்க குடுத்த மனு மாறிப்போயி நேத்து எங்க மாதா கோயில்ல வாசிச்சுட்டாங்க மாமி" என்றேன்.

"என்னன்னு?"

"பெருமாளுக்குத் தளிகை பண்ணத் தீர்த்தம் வேணும்னு. கோயில் முழுக்க வேண்டிக்கிட்டாங்க."

மாமி வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "கேட்டேளோன்னா? நம்மாத்துக் குழாய்க்காக மாதா கோயில்ல வேண்டிண்டிருக்கா" என்று சத்தமாகச் சொன்னார். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் இருமினது மட்டும் கேட்டது.

"எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் மாமி. அதான்... இருந்தாலும் உங்களைக் கத்தினது தப்பு."

"ஏதோ இருக்கும்னு நினைச்சேன். மனசு சரியா இருக்கறவா ஜலம் கேட்டதுக்கு அப்படிக் கத்த மாட்டா."

சாக்கடையை ஒட்டிப்போன பழைய இணைப்பில் விரிசல் இருந்தது. காதர் பாய் அதை மாற்றி, குழாயைத் திறந்துவிட்டு, முதல் தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். மாமியும் முகர்ந்தார். எனக்கும் நீட்டினார்கள். வாடை இல்லை.

7. பதில்

எண் போட்ட மனுவுக்குப் பதில் போக வேண்டும். நானே எழுதினேன், ராகவன் சார் கையெழுத்துப் போட்டார்.

"நகல் பெறுநருக்கு அனுப்பணுமே" என்றேன், விளையாட்டாக.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமாம். நீங்கதான் வாராவாரம் போறேளே, கையோட சேர்த்துடுங்கோ."

அடுத்த செவ்வாய்க்கிழமை என் கணவரையும் ஆட்டோவில் கூட்டிப்போனேன். இளைஞர் மன்றத்துப் பையன்கள் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். பெட்டியில் நகலைப் போட்டேன், இந்த முறை இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு. பீட்டர் வாத்தியார் நடப்பு எண்ணிலிருந்து ஆரம்பித்தார்.

"பார்வையில் கண்ட மனுவில் கோரியபடி, மனுதாரரின் கணவருக்கு மதிய உணவு அளிக்க வெள்ளிக்கிழமை நீங்கலாக ஆள் ஏற்பாடு செய்யப்பட்டது. நடவடிக்கை முடிக்கப்பட்டது. இதற்காக ஆண்டவரை மன்றாடுவோம்."

பழக்கதோஷத்தில் கோயில் முழுக்கச் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எல்லோரும் முடித்து அமைதியான பிறகு, நாற்காலியிலிருந்து ஒரு குழறின குரல் தனியாக வந்தது.

"கேட்டாச்சு."

ஃபாதரே சிரித்துவிட்டார். பூசை முடிந்ததும் மூன்று பெண்கள் வந்து, வெள்ளிக்கிழமை யார் வருவது என்று என் முன்னாலேயே போட்டி போட்டார்கள். மருங்காபுரிக்கு வேறு யாரோ விருப்பப்பட்டே போனார்கள் என்று பிறகு தெரிந்தது.

என் கணவரின் வலது கை இன்றைக்கும் முழுசாக வரவில்லை. எனக்கும் கோபம் முழுசாகப் போகவில்லை, காதர் பாயைக் கேளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு வேலையில் இருந்த நாளெல்லாம், பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது அன்றைய பாரத்தைச் சுருக்கமாக ஆண்டவரிடம் சொல்லிவிடுவேன். பாலம் முடிவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். முடித்த பிறகு அது என் மேஜையில் இல்லை. இறங்கும்போது மனசு லேசாக இருக்கும். இதை நான் யாரிடமும் படித்துக்கொள்ளவில்லை, தபால் வேலைதான் சொல்லிக்கொடுத்தது.

தபால் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளே, மடித்த காகிதம் எதுவானாலும் பிரித்துப் படித்த பிறகு எண் போடுங்கள். அது விதி. நான் அன்றைக்கு விதிப்படி நடந்திருந்தால் என் கணவர் இன்னும் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார் என்பதும் உண்மைதான். அது ஆண்டவர் பார்த்துக்கொண்ட விஷயம். நீங்கள் படித்துவிட்டே போடுங்கள்.